தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி

எஸ்.ஐ. பகவதி வந்தபோது ஜெப்சி முற்றத்தில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். முந்தின இரவு பன்றிகள் கிளறிப்போட்ட செடி மூடுகளில் மிஞ்சிய கிழங்கு. பாதிகூட விளையவில்லை. காயப்போட்டாவது வைக்கலாம் என்று சுதன் கூடை நிறையக் கொண்டுவந்து தட்டியிருந்தான்.

"சுதன் வீடுதானே? துப்பாக்கி விஷயமா விசாரிக்க வந்தேன்."

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகே திரும்பக் கிடைக்கும். இந்த முறை சுதன் விலக்குக் கேட்டு மனு கொடுத்திருந்தான். தோட்டம் காட்டை ஒட்டிக் கிடக்கிறது, பன்றித் தொல்லை தாங்க முடியவில்லை, பயிர்ப் பாதுகாப்புக்கென்றே தந்த லைசென்ஸ் இது என்று. கமிட்டி முடிவெடுக்கும் முன் எஸ்.ஐ. வீட்டுக்கு வந்து விசாரித்து எழுத வேண்டும்.

சுதன் அவரைத் தோட்டம் முழுக்கக் கூட்டிப்போய்க் காட்டினான். உழுதுபோட்டதுபோலக் கிடந்தது மண். அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் காட்டினான்.

"ஒரு பன்னியக்கூட கொன்னது கெடயாது மேடம். ஆகாசத்தப் பாத்து வெடி வைப்பேன். சத்தம் கேட்டா போயிரும். அவ்வளவுதான்."

பகவதி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுந்து புறப்படும்போது ஜெப்சியின் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் இருக்காம்மா? எல்லா வீட்டுலயும் கேக்குறதுதான்."

சுதன் ஏற்கெனவே சிரித்தபடி உறையின் வாரைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கொண்டு போங்க மேடம்" என்றாள் ஜெப்சி.

"ஏட்டி?"

"கொண்டு போங்க. எலக்‌ஷன் முடிஞ்சு திருப்பித் தரல்லன்னாலும் கொள்ளாம், நல்லதுதான்."

சுதன் அதை வேடிக்கையாக்கப் பார்த்தான். "அவ கொளச்சல்காரி மேடம். கடல் சத்தம் மட்டும்தான் கேட்டு வளந்தவ. தோக்கு வெடிக்கிற சத்தம் பிடிக்காது." ஆனால் ஜெப்சி சிரிக்கவில்லை. பகவதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. "வீட்டுல ஆட்சேபம் இருந்தா விலக்குக்கு நான் எழுத முடியாது. நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜீப் இறக்கத்தில் மறையும்வரை சுதன் பொறுத்திருந்தான்.

"போலீசுக்க முன்ன வச்சு எனக்க மானத்த வாங்கிட்டியே. நான் என்ன களவாணியா? குடிகாரனா? அப்பாவுக்க காலத்துல இருந்து ஒரு பெட்டிக்கேஸ் உண்டா நமக்கு?"

"இல்ல."

"பின்ன ஏன்? அதச் சொல்லு."

"ஷெட்டுக்குப் பொறத்த இருந்தியளே, அதுக்காவத்தான்."

சுதன் உறையின் வாரை இன்னொரு தரம் இறுக்கினான்.

கார்த்திகையில் அடித்த காற்றில் நேந்திரன் வாழை அத்தனையும் குலையோடு சாய்ந்த வாரம் அது. அந்தி நேரத்தில் அவனைத் தேடிப் போனவள், ரப்பர் ஷீட் உலர்த்தும் ஷெட்டுக்குப் பின்னால் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். துடைக்கிறேன் என்றான். பக்கத்தில் எண்ணெயும் இல்லை, துணியும் இல்லை. ஜெப்சி எதுவும் கேட்காமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகள் அபினாவின் பள்ளிக்கூட ஆண்டுவிழாவைப் பற்றி வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். இருட்டிய பிறகு கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்தாள். மறுநாள் தோட்டாக்களை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். தோட்டா எங்கே என்று அவன் கேட்கவே இல்லை. கேட்காததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பிறகு பன்றிகள் வரத் தொடங்கியதும் அவளே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவன் தோட்டத்துக்குப் போவான். வெடிச் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு அவன் இருமும் சத்தம் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு வரும்.

"நான் தொடைச்சேன்னு அன்னைக்கே சொன்னேன்லா" என்றான் சுதன்.

"துணி இல்லாமலா?"

அவன் மறுக்கவில்லை. "ஒருத்தன் சாவணும்னு நெனச்சா தோக்குதான் வேணுமா ஏட்டி? வேற வழி இல்லியா?" என்றான்.

"வேற எதுன்னாலும் நான் ஓடி வந்து பிடிக்க நேரம் கெடைக்கும். இதுக்குக் கெடைக்காது."

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை.

காலையில் காவல் நிலையத்தில் பக்கத்துத் தோட்டத்து வைகுண்டராஜன் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம், மடியில் சாக்கில் சுற்றிய இரண்டு துப்பாக்கிகள். எழுத்தர் அவரைப் பார்த்துச் சிரித்தார். "எறும்பையும் கொல்லாத அய்யாவழிக்காரருக்கு எதுக்குவே ரெண்டு தோக்கு?"

"எனக்கு அய்யாவழி. பன்னிக்குத் தெரியாதே."

சுதனைக் கண்டதும் அவருடைய குரல் உயர்ந்தது. "வா மக்கா, நீயும் குத்தவாளிதானா? உனக்கு விலக்கு கிடைக்கும்னு நெனச்சேன்." சுதன் துப்பாக்கியைப் பகவதியின் மேஜையில் வைத்தான்.

வைகுண்டராஜன் அவர் பக்கம் திரும்பினார். "மூணு வச்சிருந்தேன் மேடம். சட்டம் மாறிச்சு, ரெண்டுதான்னு சொன்னாவ. ஒண்ணக் குடுத்தேன். இப்ப அந்த ரெண்டையும் கொண்டாங்கிய. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்குள்ள போனா பஞ்சாயத்தே ஆள் வச்சு பன்னியச் சுடுது. இஞ்ச நாங்க ஆகாசத்தச் சுடதுக்கும் உங்ககிட்ட வந்து நிக்கணும். ஓட்டு முடியது வரைக்கும் பன்னிக்கு லீவா?"

பகவதி ரசீது எழுதுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கள்ளத்தோக்கு வச்சிருக்கவன் இஞ்ச வந்து வரிசையில நிப்பானா? சட்டத்துக்குப் பயந்தவன்கிட்டத்தான் சட்டம் வருது."

"கள்ளத் துப்பாக்கி வச்சிருக்கவன் வீடு தெரிஞ்சா அங்கயும் போவேன் அண்ணாச்சி" என்றார் பகவதி. "நான் முன்ன இருந்த ஊர்ல அண்ணன் தம்பிக்குள்ள வரப்புத் தகராறு. சுட்டது லைசென்ஸ் துப்பாக்கிலதான். அவரும் சட்டத்துக்குப் பயந்தவர்தான். ஒரு கேஸ் கிடையாது. அந்த வீட்டுப் பொம்பளைகள்ட்ட முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேன்னு எனக்கு இன்னைக்கும் தோணும்."

"அதுக்காவ ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் தண்டனையா?"

"தண்டனைன்னு நினைக்காதீங்க."

"பின்ன எப்படி நெனைக்க? கெழங்கு உங்களுக்கதா போவுது?"

பகவதி ரசீதைக் கிழித்து நீட்டினார். சுதன் ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

அந்த வாரம் பன்றிகள் தினமும் வந்தன. சுதன் தகரம் தட்டினான். ஓலைப் பட்டாசு கொளுத்தினான். ஜெப்சியின் பழைய சேலைகளைக் கம்புகளில் கட்டிவிட்டான். முதல் நாள் பன்றிகள் தயங்கின, அடுத்த நாள் சேலையையும் கிழித்துப்போட்டுவிட்டுப் போயின.

ஒருநாள் மாலை காயப்போட்ட துணியை எடுக்கப் போன ஜெப்சி தோட்டத்தைச் சுற்றி முழங்கால் உயரத்தில் கம்பி ஓடுவதைக் கண்டாள். அது மோட்டார் அறைக்குள் போய் முடிந்தது.

"கரண்டா?" என்றாள்.

"இது இஞ்ச எல்லாவனும் செய்யதுதான்."

"ஆளு பட்டா?"

"விடியமுன்ன நானே எந்திச்சி அணைச்சிருவேன். பால்வெட்டுக்கு ஆளு வருமுன்ன. நான் சின்னப் பிள்ளையா?" பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தோக்கக் குடுக்கச் சொன்னே, குடுத்தாச்சு. இதையும் எடுக்கச் சொன்னா நான் என்னத்த வச்சுப் பொழைக்க?" என்றான்.

எடுத்துப் போடுங்கள் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்றிரவு அவன் பசியோடு சாப்பிட வந்தான். சாளை மீன் புளிமுளம் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். "கொளச்சல்காரிய கெட்டுனதுக்கு இந்தக் குழம்பு ஒண்ணுதான் லாபம்" என்றான். அபினாவைத் தோளில் ஏற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்தான். கல்யாணத்துக்கு முன் இரணியல் ரயில் நிலையத்தில் அவளைக் காண நிற்கும்போது சீட்டியடிப்பானே, அதே பாட்டைச் சீட்டியடித்தான். கார்த்திகைக்குப் பிறகு அந்தச் சீட்டியை அவள் கேட்டதே இல்லை. வீட்டில் துப்பாக்கி இல்லை, கணவன் சீட்டியடிக்கிறான். ஜெப்சி கம்பியைப் பற்றி மறுபடி வாய் திறக்கவில்லை.

வைகுண்டராஜனின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள் ஜெபகுமாரி. விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு சுதனின் தோட்டத்து ஓரமாகத்தான் ஏறிப் போவாள். அவளுக்காக ஜெப்சி மதிலின் மேல் பால் விடாத கட்டஞ்சாயா வைப்பாள். "சீனி கூடுதல் மக்களே, நான் என்ன மாப்பிளையா?" என்று கீழிருந்து சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்கு முன் சுதன் எழுந்து சுவிட்சை அணைத்துவிட்டு வருவான். ஒருநாளும் தவறவில்லை.

ஓட்டுப் போடும் நாளில் யாரும் பால் வெட்டுவதில்லை. இந்தப் பக்கத்தில் அது எப்போதும் உள்ள வழக்கம், யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு மேலே ஆள் போகாது என்று சுதன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான்.

ஜெபகுமாரிக்கும் வழக்கம் தெரியும். ஆனால் முந்தின நாள் மழையில் மரம் நனைந்து வெட்டு முடங்கியிருந்தது. சீக்கிரமே போய் வெட்டிப் பாலை எடுத்துவிட்டு, குளித்து, மகள் சுபிதாவோடு ஓட்டுப் போடப் போகலாம் என்று நினைத்திருக்கிறாள்.

ஜெப்சி அடுப்பைப் பற்றவைத்தபோது ஜன்னல் வழியே வெளிச்சம் தெரிந்தது. ஜெபகுமாரியின் தலைவிளக்கு. அட, இன்றைக்கும் வந்துவிட்டாளே என்று நினைத்துச் சாயாப் பாத்திரத்தை எடுத்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள். விளக்கு அசையவில்லை. மரச்சீனிச் செடிகளின் அடியில், தரையோடு தரையாக, ஒரே இடத்தில் எரிந்துகொண்டிருந்தது.

அவள் போட்ட அலறலில் சுதன் எழுந்து மோட்டார் அறைக்கு ஓடினான். சுவிட்சை அணைத்துவிட்டு ஜெபகுமாரியிடம் வந்தான். நாடியைப் பிடித்துப் பார்த்தான். நெஞ்சை அழுத்தினான். வாயில் ஊதினான். திரும்பத் திரும்பச் செய்தான். உடம்பு குளிர்ந்திருந்தது.

கிழக்கு லேசாக வெளுக்கத் தொடங்கியபோது அவன் கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"கால் பக்கம் பிடி ஏட்டி. வைகுண்டராஜனுக்க தோட்டத்துல கொண்டு கெடத்திருவோம். நெஞ்சு வலின்னு நெனைப்பாவ. ஆரும் பாக்கல்ல."

ஜெப்சி அவனருகே போய் கம்பியின் முனையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். "சுபிதா இப்பத் தேடி வருவா. அவளுக்க மொகத்தப் பாத்து நெஞ்சு வலின்னு சொல்லுவியளா?"

"நீதானே தோக்கக் கொண்டு போவச் சொன்னே!" என்று கத்தினான் சுதன். "அது கெடந்திருந்தா இந்தக் கம்பி இஞ்ச வந்திருக்குமா?"

"வந்திருக்காது."

அந்தப் பதிலை அவன் எதிர்பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே உட்கார்ந்தான். மடியில் பாதி சுருட்டிய கம்பி. ஜெப்சிக்கு ஷெட்டுக்குப் பின்னால் அவன் உட்கார்ந்திருந்த விதம் நினைவுக்கு வந்தது. அதே குனிந்த தலை. அதே கைகள். அவள் ஒரு கையால் போனை எடுத்துக் காவல் நிலையத்துக்கு அழைத்தாள். இன்னொரு கையால் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் வந்து பகவதி இறங்கி அவர்கள் பக்கத்தில் நிற்கும்வரை அந்தப் பிடியை விடவில்லை.

தேர்தல் முடிவு வந்து சில நாட்களில், ஒப்படைத்த துப்பாக்கிகளை வந்து வாங்கிக்கொள்ளும்படி நிலையத்திலிருந்து போன் வந்தது. யாரோ பட்டியலைப் பார்த்து வரிசையாக எல்லோரையும் அழைத்திருக்கிறார்கள். ஜெப்சி ரசீதை எடுத்துக்கொண்டு போனாள்.

வைகுண்டராஜன் தன் துப்பாக்கிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். முன்பு இருந்த சத்தம் அவரிடம் இல்லை. "நான் ஒண்ணு சொன்னா கோவப்படாத மக்களே. தோக்கு அவன்கிட்ட இருந்திருந்தா ஜெபகுமாரி இன்னைக்கு இருப்பா."

"இருப்பாவ."

"பின்ன?"

"அபினாவுக்க அப்பாவும் இருந்திருப்பாவளான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆருக்கும் தெரியாது."

அவர் சாக்கை மறுபடியும் இறுக்கிச் சுற்றினார்.

எழுத்தர் ரசீதை வாங்கிப் பார்த்தார். "லைசென்ஸ்காரர்தான் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவர வரச் சொல்லுங்க."

"அவரும் உங்ககிட்டத்தானே சார் இருக்காரு" என்றாள் ஜெப்சி.

உள்ளேயிருந்து பகவதி வந்தார். எழுத்தரின் கையிலிருந்து ரசீதை வாங்கிக்கொண்டார். "தெரியாம கூப்பிட்டுட்டாங்கம்மா. கேஸ் முடியற வரைக்கும் துப்பாக்கி இங்கதான் இருக்கும். லைசென்ஸும் திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்."

"அதச் சொல்லத்தான் நானும் வந்தேன். இஞ்சயே கெடக்கட்டும்."

பகவதி எதையோ கேட்க நினைப்பதுபோல் நின்றார். அன்றைக்கு முற்றத்தில் கேட்காமல் விட்டதாக இருக்கலாம். இப்போதும் கேட்கவில்லை. ஜெப்சி பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

சிறையில் பார்க்கும் இடத்தில் வலைக்கு அந்தப் பக்கம் சுதன் வந்து நின்றான். தாடி வளர்ந்திருந்தது. அபினாவைப் பற்றிக் கேட்டான். ராத்திரி தூக்கம் வருகிறதா என்று இவள் கேட்டாள். ஒரே அறையில் பத்துப் பேர் படுத்தால் எப்படித் தூக்கம் வரும் என்றான். பத்துப் பேர் இருப்பது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அதைச் சொல்லவில்லை.

"தோக்கு?"

"வாங்கல்ல."

தலையை ஆட்டினான். "மரச்சீனி?"

"முக்காலும் பன்னி கொண்டு போச்சு. மிச்சத்தப் பிடுங்கி சுபிதாவுக்க வீட்டுல கொண்டு வச்சேன்."

"வாங்குனாளா?"

"கதவத் தொறக்கல்ல. நேத்தும் போனேன். கூடை வச்ச இடத்துலயே இருக்கு."

சுதன் வலையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். நேரம் முடிந்தது என்று காவலர் சொன்னார். ஜெப்சி நகரவில்லை. சற்றுக் கழித்து அவன் இருமினான். அதற்குப் பிறகுதான் அவள் பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள்.