நாற்பது கழியட்டும்

கெய்ரோவில் மருந்துக் கடைகளுக்கு மென்பொருள் விற்கும் அந்தக் கம்பெனியில், விற்பனைத் தரவு முழுக்க ரீஹாமின் பொறுப்பு. ஒரு மாதம் பேச்சு நகராமல் கிடக்கும் வாடிக்கையாளரை ஒரு விற்பனையாளரிடமிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும் பொல்லாத வேலையும் அவள் தலையில்தான்.

வாரத்தின் முதல் வேலைநாளான இந்த ஞாயிறு திரையில் சிவந்து நின்ற பெயர் மதாம் இஹ்ஸான். இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கும் மன்சூரா ஊரெல்லாம் மருந்துக் கடை வைத்திருக்கும் அம்மாள். ஐம்பதைத் தாண்டிய விற்பனையாளர் ஷவ்கிக்கு இந்தக் காலாண்டில் அவளை விட்டால் வேறு நாதியில்லை. அவளும் கைநழுவினால் வேலையே போய்விடும்.

ரீஹாம் நேரே அவர் மேசைக்குப் போனாள்.

"என்ன ஷவ்கி உஸ்தாஸ், ஒரு போன்கூடப் போடலையா? விரல் தேஞ்சா போயிடும்?"

"அவங்க வீட்டுக்காரர் தவறிட்டாரும்மா. துக்கத்துக்குப் போய்ட்டு வந்தேன். நாற்பது நாள் துக்கம் கழியாம விலை பேச வாய் வரல."

"அதை எழுதித் தொலைக்கிறதுக்கென்ன?"

"எங்க எழுதறது? தாமதத்துக்குக் காரணம்னு மூணு கட்டம் இருக்கு. விலை அதிகம், வேற கம்பெனி, ஆர்வமில்லை. சாவு இதுல எதும்மா?"

அந்தக் கட்டங்களை அமைத்தவளே ரீஹாம்தான்.

விஷயத்தைப் போய்ச் சொன்னதும் மேலாளர் ஹாஸிம் எகிறினார். "விதின்னா விதி! வேற ஆளுக்கு மாத்தும்மா."

"மாத்த மாட்டேன் சார். நாற்பது கழியட்டும். அப்பவும் வரலேன்னா என்னை வீட்டுக்கு அனுப்புங்க."

சொன்ன பிறகுதான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

நாற்பது கழிந்த மறுநாள் ஷவ்கி போன் போட்டார். ஒலிபெருக்கியில் போடச் சொல்லி ஹாஸிம் பக்கத்திலேயே நின்றார். ஷவ்கியோ பிள்ளைகளை விசாரித்தார், அம்மாளின் தூக்கத்தை விசாரித்தார். விலை, விலை என்று ஹாஸிம் கையை ஆட்டினார்.

"நீங்க சாப்பிடுறீங்களாம்மா?" என்றார் ஷவ்கி.

அந்தப் பக்கம் மதாம் இஹ்ஸான் உடைந்து அழுதாள். "அவர் போன மூணாம் நாளே ஒருத்தன் தள்ளுபடி தரேன்னு போன் பண்ணினான், ஷவ்கி. நான் சாப்பிட்டேனான்னு யாருமே கேக்கல."

ஹாஸிமின் கை தானாகக் கீழே இறங்கியது.

அழுது முடித்து அவள் மூக்கை உறிஞ்சினாள். "ஒப்பந்தத்தை எடுத்துட்டு வாப்பா, கையெழுத்துப் போடறேன். நீயே வா, வேற ஆளை அனுப்பிடாதே."

"வரேம்மா. ஆனா இன்னிக்கு உங்களைப் பாக்க மட்டும் வரேன். ஒப்பந்தம் நாளைக்கு."

ரீஹாம் பயந்துபோய் மேலாளரைப் பார்த்தாள். ஹாஸிம் தன் கார் சாவியை எடுத்து ஷவ்கியின் முன்னால் வைத்தார்.