ஆடிக்கு முன் கொடுத்த முன்பணம்

குகன் கைப்பேசியை மேசைமேல் வைத்த விதத்திலேயே பதில் என்னவென்று வேலுவுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

"என்னடா சொல்றான் பேங்க்காரன்?"

"வீட்டுக் கடன் கெடைக்கலப்பா."

"ஏன் கெடைக்காது? யார் வீட்டுக் காசையாவது தின்னுட்டு ஓடிட்டோமா?"

"சம்பளம் பத்தலையாம். பேசிக் சம்பளத்தத்தான் பாக்குறாங்க. ஓவர்டைம் காசு நிரந்தரம் இல்லையாம், முழுசா எடுத்துக்க மாட்டாங்களாம்."

புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் மகன் ஞாயிறுகூட வீட்டில் இருப்பதில்லை. அந்த ஓவர்டைமில்தான் குடும்பமே ஓடுகிறது. அரிசி வாங்குகிற காசு பேங்க்காரன் கண்ணுக்குக் காசாகத் தெரியவில்லையாம். இவனுங்களை நம்பவே கூடாது என்று வேலு எப்போதும் சொல்வதுதான்.

ஆனால் இந்த முறை மாட்டிக்கொண்டது அவருடைய பணம். ஜெலுத்தோங்கில் பார்த்த அடுக்குமாடி வீட்டுக்கு முன்பணமாகப் போன பத்தாயிரம் வெள்ளி, தோட்டத்திலும் காவல் வேலையிலும் உழைத்துச் சேர்ந்த சேமநிதியின் மிச்சம். அதற்குமேல் அவரிடம் எதுவும் இல்லை.

மருமகள் ரூபினி அப்போதே சொன்னாள். "மாமா, மொதல்ல பேங்க்ல கேட்டுருவோம். சரின்னு சொன்னப்புறம் காசு குடுக்கலாம்."

"அதுக்குள்ள ஆடி பொறந்துரும். ஆடியில வீட்டுக்கு முன்பணம் குடுத்தா வெளங்குமா?" என்று ஒரே போடாகப் போட்டார்.

வீட்டு ஏஜெண்டு இர்வான் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினான். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வரும் என்று அதில் ஒரு வரி. வேலுவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நல்ல காரியத்துல கெடைக்காட்டி கெடைக்காட்டின்னு எழுதுவியா? அடிச்சுப் போடு தம்பி!"

இர்வான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கிழவர் மசியவில்லை. அந்த வரியை அடித்துவிட்டுத்தான் குகனைக் கையெழுத்துப் போட விட்டார்.

கடன் இல்லை என்று தெரிந்த மறுநாள் காலையிலேயே லிட்டில் இந்தியாவுக்குப் பஸ் ஏறினார். அந்த வீட்டை விற்கும் ஷேக் அலாவுதீனின் துணிக்கடை அங்கேதான். வழியெல்லாம் சண்டைக்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனார்.

"பாய், பேங்க்காரன் கழுத்தறுத்துட்டான். காசத் திருப்பிக் குடுங்க."

"உக்காருங்கண்ணே. டீ சொல்லவா?"

"டீ வேணாம். காசு."

"ஆடி பொறந்தாச்சே, காசு வாங்குவீங்களா?" ஷேக் சிரித்தார். வேலு சிரிக்கவில்லை. ஷேக்கும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அந்த வரிய யாருண்ணே அடிக்கச் சொன்னது? நானா?"

"நான்தான்."

"அந்த வரி இல்லன்னதும், இவங்க கெட்டியான ஆளுங்கன்னு நெனச்சேன். ரொக்கமா வாங்க ஒருத்தர் வந்தாரு, வேணாம்னு அனுப்பிட்டேன். அவரு இப்ப பாயான் லெப்பாஸ்ல வேற வீடு வாங்கிட்டாரு லா. என் நட்டத்த யார்கிட்ட போய்க் கேக்குறது?"

எதிரில் இருப்பவன் ஏமாற்றுக்காரனாக இருந்திருந்தால், சேர்த்து வைத்த வார்த்தைகளை வேலு கத்தியாவது தீர்த்திருப்பார். அதற்கும் வழியில்லை. அதுவரை நின்றுகொண்டிருந்தவர் ஷேக் சொன்ன நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

ஷேக் கல்லாவைத் திறந்தார். "முழுசாத் தர மனசு வரல. முழுசா வச்சுக்கவும் மனசு வரல. இந்தாங்க, பாதி."

வேலு வாங்கிக்கொண்டார். நன்றி சொன்னோமா இல்லையா என்று தெருவுக்கு வந்தபிறகும் அவருக்கு நினைவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து ரூபினியைக் கூப்பிட்டார்.

"குடுத்தாரா மாமா?"

"பாதி."

"அந்தப் பாதிய என் கையில குடுங்க. உங்க மகன்கிட்டயும் வேணாம், உங்ககிட்டயும் வேணாம்" என்றாள்.

வேறொரு நாளாக இருந்தால் குதித்திருப்பார். இப்போது கோபம்கூட வரவில்லை.

"சரிம்மா" என்றார்.