முழுவதும் படித்தேன்

ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து மனுக்கள். எல்லாமே இயந்திரம் எழுதியவை. அவற்றைப் படித்துவிட்டு, திரையின் அடியில் இருக்கும் 'முழுவதும் படித்தேன்' என்ற பொத்தானை அழுத்துவது என் வேலை. இருபத்தாறு வருஷம் வக்கீலாக இருந்து நான் வந்து சேர்ந்த இடம் இது.

அக்காவும் நானும் சேர்ந்து ஆரம்பித்த அலுவலகம். வக்கீல் அல்லாதவர்களும் சட்ட அலுவலகங்களில் முதல் போடலாம் என்று சட்டம் மாறியதும் ஒரு முதலீட்டு நிறுவனம் தேடி வந்தது. முக்கால் பங்கை விற்றுவிடலாம் என்றாள் அக்கா. மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் ஒரு மேலாளரை அனுப்பினார்கள். வணக்கம் சொல்ல வேண்டிய இடத்தில் "என்ன அப்டேட்?" என்பார். எங்களுக்குள் அவர் பெயரே அப்டேட் ஆகிவிட்டது.

அடுத்து, வக்கீல்களுக்கு உரிமம் கொடுக்கும் ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. இயந்திரம் எழுதும் ஒவ்வொரு மனுவையும் உரிமம் உள்ள வக்கீல் ஒருவர் கடைசி வரி வரை படித்துக் கையெழுத்திட வேண்டும். நல்ல விதிதான். மனுவுக்கு நான்கு நிமிடம் என்று அதைப் புரிந்துகொண்டார் அப்டேட். பக்கம் நகர்கிறதா, எவ்வளவு நேரம் நகர்கிறது என்று திரையே பதிந்து வைக்கும். முதல் மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தேன். இரண்டாம் மாதம் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூன்றாம் மாதம், விசைப்பலகையில் கீழ்நோக்கிய அம்புக்குறியின் மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தேன். பக்கங்கள் தாமாக நகர்ந்தன. நான் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்படவும் தெம்பு வேண்டுமே.

அப்படி நகர்ந்து போனதில் ஒன்று, ஒரு தையல்காரம்மாவின் மேல்முறையீடு. வாடகை வீடு; முன்னறையில் இரண்டு தையல் மிஷின், பின்னறையில் குடித்தனம். காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் உத்தரவு வாங்கிவிட்டார். உத்தரவு கையில் கிடைத்த பதினைந்து நாளுக்குள் மேல்முறையீடு போக வேண்டும். முன்பெல்லாம் விடுமுறை நாட்களை விட்டுவிட்டு எண்ணுவோம். அவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று விதி மாறி மூன்று மாதம் ஆகிறது. இயந்திரத்துக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மனு நான்கு நாள் தாமதமாகப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. மாறிய விதியைப் பற்றி இளம் வக்கீல்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தவளே நான்தான். முதல் பக்கத்தில் இயந்திரம் போட்டிருந்த கடைசித் தேதியைப் பார்த்திருந்தால் போதும்.

அந்தம்மா நேரில் வந்தார். கத்தவில்லை. கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது; கழற்ற மறந்து வந்திருக்கிறார்.

"நீங்க கேட்ட அன்னைக்கே எல்லாப் பேப்பரும் கொடுத்துட்டேனே மேடம். நான் ஏதாவது விட்டுட்டேனா?"

"இல்லைங்க, உங்க மேல தப்பே இல்லை" என்று சொல்லிவிட்டு அக்காவின் அறைக்குப் போனேன். அங்கே அப்டேட்டும் இருந்தார்.

"அவங்கதான் தேதியைத் தப்பா சொன்னாங்கன்னு எழுதிடலாம்," என்றார். "நீங்க நாலு நிமிஷம் முழுசா படிச்சதா பதிவாகியிருக்கு. உங்களுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

"நான் படிக்கல."

காதில் விழாதவர் போல ஃபோனைப் பார்த்துக்கொண்டே எழுந்து போனார். அக்கா கதவைச் சாத்தினாள்.

"வக்கீல் தப்புன்னு நீ எழுதிக் கொடுத்தா கோர்ட்டு தாமதத்தை மன்னிக்கும். அது எனக்கும் தெரியும். ஆனா உன் உரிமம் போயிடும்டி. யோசிச்சியா?"

"அந்தம்மா வீடு போயிடும்க்கா."

"அவங்களுக்கு வேற வீடு பாத்துக்கலாம். உனக்கு அம்பத்திரண்டு வயசு. வேற என்ன தொழில் தெரியும் உனக்கு?"

அது மிரட்டல் இல்லை. சின்ன வயதில் கையைப் பிடித்து ரோடு தாண்டவைத்த அதே குரல். அதனால்தான் வலித்தது.

"வேற ஒன்னும் தெரியாது," என்றேன். "இதுவே மறந்துகிட்டு வருது."

அன்று சாயங்காலம் பிரமாணப் பத்திரத்தை நானே கையால் எழுதினேன். 'அந்த மனுவை நான் படிக்கவில்லை; படித்ததாகக் கையெழுத்திட்டேன்.' இந்த ஒரு வரிக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது.

விசாரணையன்று அக்கா வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். நீதிபதி பத்திரத்தை இரண்டு முறை படித்தார். வீட்டுக்காரரின் வக்கீல் ஆட்சேபிக்க எழுந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய அலுவலகத்தையும் போன வருஷம் யாரோ வாங்கியிருந்தார்கள்.

"தாமதத்தை மன்னிக்கிறேன். மேல்முறையீட்டை எடுத்துக்கலாம்," என்றார் நீதிபதி.

தையல்காரம்மா என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. என் உரிமத்தை ஆணையம் என்ன செய்தாலும் செய்யட்டும் என்று கோப்பைக் கட்டத் தொடங்கினேன்.

"கொஞ்சம் இருங்க," என்றார் நீதிபதி. குரலில் கோபம் இல்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார். "இதே மாதிரி படிக்காம கையெழுத்துப் போட்டது வேற ஏதாவது இருக்கா?"

பின்னால் அக்கா இருமினாள். இல்லை என்று சொன்னால் எல்லாம் என்னோடு போய்விடும், அலுவலகம் பிழைத்துக்கொள்ளும்.

"இருக்குங்க ஐயா."

"எது எதுன்னு சொல்லுங்க. அவங்களுக்கெல்லாம் நாம தகவல் கொடுக்கணும் இல்லையா?"

இத்தனை மாதமாக என் கையெழுத்தோடு போனவற்றில் ஒரு ஆளாவது, ஒரு விலாசமாவது ஞாபகம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். நீதிபதி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"தெரியலைங்க ஐயா," என்றேன். "படிச்சிருந்தாத்தானே தெரியும்."