செவ்வாய்க்கிழமை பதினோரு நாள்

2004ஆம் ஆண்டு, பதுளையில் ஜெமீலா நடத்திவந்த இன்டர்நெட் கடைக்குள் ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு நாள் நீடித்தது. வெளியே புதனும் வியாழனும் வழக்கம்போல் வந்து போயின.

காரணம் நிஷாந்தினி. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கணினி படித்து, அந்தக் கடையில் வேலைபார்த்தவள். தோட்டத் தொழிலாளரைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியா போனவர்களும் இங்கேயே தங்கிவிட்ட சொந்தங்களும் ஒருவரையொருவர் தேடிக்கொள்ள ஓர் இணையத்தளம் செய்திருந்தாள். தளம் இருந்ததோ எங்கோ அமெரிக்காவில். டெலிபோன் கம்பி வழியே ஒரு பக்கம் வந்து சேர்வதற்குள் பசறை பஸ் போய்த் திரும்பிவிடும். அதே பக்கத்தை ஒவ்வொருவருக்கும் அங்கிருந்தே இழுப்பானேன் என்று, ஒருமுறை வந்ததன் நகலைக் கடைக் கணினியிலேயே வைத்துக்கொள்ளச் செய்தாள். கேட்ட கணமே பக்கம் வந்து நின்றது. நகல் பழசாகிவிடக் கூடாதே என்று, தினமும் காலை ஆறரைக்குப் பழையதை அழித்துப் புதியதைக் கொண்டுவர ஒரு கட்டளையும் எழுதினாள். தோட்டத்தில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டு நேரம் அது. ஆகவே கட்டளைக்கும் 'பெரட்டு' என்றே பெயர் வைத்தாள். வினை அங்கேதான் பிடித்தது.

அந்த வாரம் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. எங்கும் பெரட்டு இல்லை. கணினியும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்துகொண்டது. முதலில் நகல்கள் மாறாமல் நின்றன. பிறகு கடையே அப்படி நின்றது. ஜெமீலாவின் பிளேன்டீ ஆறவில்லை. நாட்காட்டித் தாளை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் கிழியவில்லை. புதன்கிழமை வழக்குக்குப் போகவேண்டிய அஸீஸ் ஒரு நாற்காலியில் குடியேறிவிட்டார். அவரைத் தேடி வந்த பொலிஸ்காரரும் நாட்காட்டியில் செவ்வாயைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நிஷாந்தினி கையாலேயே நகலை அழித்திருக்கலாம். தடுத்தவள் கொழுந்து பறிக்கும் மாரியாயி. அவளுடைய அக்கா பெரியாயி கோத்தகிரியிலிருந்து அந்தச் செவ்வாயன்று தளத்தில் எழுதியிருந்தாள்: "நாளைக்கு இருதய ஆபரேஷன். பொழைச்சா எழுதுறேன்." வேலை இல்லாததால் மாரியாயி தினமும் பஸ் ஏறி வந்து அந்த ஒரே வரியின் முன் உட்கார்ந்தாள்.

"இங்க இன்னும் செவ்வாதானே பாப்பா? அக்கா நல்லாத்தான் இருக்கா. அப்படியே கெடக்கட்டும்."

நகலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நிஷாந்தினிக்குக் கை துறுதுறுத்தது. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்தால் விரல் நகராது.

பதினோராம் நாள் வேலைநிறுத்தம் முடிந்த செய்தி வந்தது. விடிந்தால் பெரட்டு.

"கட்டளைய நிப்பாட்டிறவா பெரியம்மா? செவ்வாயாவே வச்சிரலாம்."

மாரியாயி அக்காவின் வரியை விரலால் ஒருமுறை தொட்டாள். "வேணாம். ஒருவேளை அக்கா இருந்தா, என் பதிலுக்குப் பாத்துக்கிட்டு இருப்பா."

மறுநாள் சனிக்கிழமை. மாரியாயி பெரட்டுக்குப் போகாமல் கடைக்கு வந்தாள். ஆறரைக்கு ஜெமீலாவின் தேநீர் ஆறியது. அஸீஸ் முனகிக்கொண்டே எழுந்து போனார். பக்கம் ஒருதரம் வெளுத்து, நாலு செய்திகளோடு திரும்பி வந்தது. கடைசியில் இருந்தது: "உசுரோட இருக்கேன். நீ ஏன் எழுதல? கோவமா?"

மாரியாயி வாய்விட்டு அழுதாள். பிறகு அவள் சொல்லச் சொல்ல நிஷாந்தினி தட்டினாள்: "கோவமில்லக்கா. தோட்டத்துல ஸ்ட்ரைக்கு, பெரட்டு இல்ல. இங்க இப்பதான் புதன் விடிஞ்சிச்சு."

லயத்தை விட்டுப் போய் முப்பது வருஷமான பெரியாயி அன்று மாலையே எழுதினாள்: "பெரட்டு இல்லாம எப்படி விடியும். சாப்பிட்டியா?"