காலி வண்டி

வண்டி வாய்க்காலில் இறங்கிய அன்று போலீஸிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். ஸ்டியரிங் கைக்கு நிற்கவில்லை என்று. மறுநாள் மருதையனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

மருதையன் எங்கள் நிலத்தில் வேலை செய்தவன். குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுச் சங்கம் வேலையை நிறுத்தியது. நாங்கள் வெளியூர் ஆட்களை இறக்கி அறுத்தோம். நெல் ஏற்றிப் புறப்பட்டபோது அவன் வழியை மறித்து, "இந்த வண்டி எத்தனை நாள் ஓடுதுன்னு பாத்துடுறோம்" என்றான். ஊரே கேட்டது. பன்னிரண்டு நாள் கழித்து, குத்தாலத்தில் தாய்வீட்டில் விட நான் ஓட்டிப் போகும் வழியில், என் மனைவி அம்சவல்லி அந்த வண்டியோடு தண்ணீரில் போனாள். நான் கரையேறினேன்.

ஸ்டியரிங்கைக் கழற்றிவிட்டது மருதையன்தான் என்று மாமனார் பஞ்சநதம் புகார் எழுதிக் கொடுத்தார். நான் அதில் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு அந்தப் புகாரோடு அவனைக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஸ்டேஷனில் அவனை அடிக்கிறார்கள் என்று அவன் மனைவி காளியம்மாள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அழவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, வாய்க்காலிலிருந்து கரையேற்றியிருந்த வண்டியைக் குத்தாலத்து மெக்கானிக் ரெங்கசாமியிடம் கொண்டுபோனேன். யுத்த காலத்துப் பழைய பிக்கப். முன்தகடு நசுங்கியதைத் தவிர பெரிய அடி இல்லை. யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டேன்.

அவர் முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி ஒவ்வொன்றாக ஆட்டினார். நான் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் திருப்ப, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகத் தொட்டுப் பார்த்தார். எதிலும் ஆட்டம் இல்லை. நட்டுகள் கழலாமல் குத்தியிருந்த பின்களைச் சுரண்டிக் காட்டினார்.

"ரெண்டு வருஷத் துரு தம்பி. அப்படியே ஒட்டிக் கெடக்கு. இதை யாரும் தொடல."

அப்படியானால் வண்டி ஏன் அலைந்தது?

ஓட்டிப் பார்த்தோம். இடது பக்கம் நகர்ந்தது. திருப்பினால் வலது பக்கம் ஓடியது. கையைத் தளர்த்தினாலும் சக்கரம் நேருக்கு வரவில்லை. அன்றும் இப்படித்தான். ரெங்கசாமி பக்கத்து ரைஸ்மில்லில் கேட்டுப் பதினைந்து மூட்டை ஏற்றச் சொன்னார். மறுபடி ஓட்டினோம். நூல் பிடித்ததுபோல் போயிற்று.

மூட்டைகளை இறக்கிவிட்டு, பத்தடி தள்ளிக் குத்துக்காலிட்டுப் பக்கவாட்டில் பார்த்தார்.

"பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. அதுல முன்அச்சு கவுந்துடுச்சு. பாரம் இருந்தா சமமாயிடும். காலியா போனா நேரா நிக்காது. பின் ஸ்பிரிங்குல ரெண்டு இரும்புப் பட்டை கூட ஏத்தியிருக்கே, யாரு செஞ்ச வேலை?"

என் வேலை. மறியல் வருவதற்குள் நெல் ஊரைத் தாண்ட வேண்டும். நாலு நடையை இரண்டாக்க, கொல்லரிடம் சொல்லி நான்தான் பட்டை சேர்த்தேன். அறுப்பு முடிந்ததும் கழற்றியிருக்கலாம். திரும்பி வரும் நடைகளில் வண்டி அலைந்தது எனக்குத் தெரியும். ரோடு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். "ஏங்க, வண்டி குடிச்சிருக்கா?" என்று அம்சவல்லி அன்று கேட்டாள். நான் சிரித்தேன்.

மூன்று மணிக்கு மாமனார் பட்டறைக்கே வந்துவிட்டார். சொன்னேன். குனிந்து அந்தப் பட்டைகளை வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம மூணு பேரோட இருக்கட்டும் மாப்ளே."

"அவன் தொடலங்க மாமா."

"அப்ப எம் பொண்ணைக் கொன்னது யாருன்னு எழுதுவீங்க?"

ரெங்கசாமியிடம் ஒரு தாள் வாங்கி எழுதினேன். துரு, பின்கள், பட்டைகள். பட்டை சேர்த்தவர் என்ற இடத்தில் என் பெயர். கடைசியில் ரெங்கசாமி கையெழுத்துப் போட்டார். எழுதி முடிக்க நாலரை ஆகிவிட்டது. மாமனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூட்டையை ஏற்றிக்கொண்டு போகும்படி ரெங்கசாமி சொன்னார். நேரம் இல்லை.

ஸ்டேஷனுக்கும் அதே வாய்க்கால் கரைதான் வழி. பக்கத்து இருக்கையில் தாளை வைத்து, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு ஸ்பேனரை வைத்தேன். வளைவில் வண்டி தண்ணீர்ப் பக்கம் நகர்ந்தது. திருப்பினேன். மறுபடி நகர்ந்தது. ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.