அருக்காணியின் போசி

எழுபத்தெட்டில் கல்கத்தாவின் பெஹாலாவில் இருந்த தமிழ்ப் பெண்கள், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். இடம், தெருக்கோடி கிளப்பின் கேரம் அறை. வங்காளிப் பையன்கள் பெரிய மனசு பண்ணி, போர்டைச் சுவரில் சாய்த்துவிட்டு மூன்று மணி வரைக்கும் விட்டுக்கொடுப்பார்கள். கூட்டத்துக்குப் பெயர் கிடையாது, தலைவி கிடையாது. எல்லாம் கல்யாணிதான். அவள் கணவர் பார்த்தசாரதிக்கு மத்திய அரசு ஆபீஸ் உத்தியோகம். கும்பகோணத்திலிருந்து மாற்றலாகி வந்து ஆறு வருஷம்.

அங்கே பாட்டு உண்டு, கும்மி உண்டு. பெங்காலியில் மட்டுமே சண்டை போடத் தெரிந்த பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித் தருவார்கள். யாருக்காவது ரேஷன் கார்டு இழுபறி என்றால் மனு எழுதுவார்கள். சும்மா சொல்லக் கூடாது, நல்ல கூட்டம். அருக்காணி குடியிருந்த குடிசைப் பஸ்திக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததே இவர்களால்தான். மனுவைக் கல்யாணி எழுத, முதல் கைநாட்டை அருக்காணி வைத்தாள். பன்னிரண்டு பெண்களும் போய் முனிசிபாலிட்டி ஆபீஸ் வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாலாம் நாள் ஆள் வந்து குழி தோண்டினான்.

அருக்காணிக்கு ஈரோட்டுப் பக்கம். புருஷன் சின்னசாமி கிடர்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். ஊரில் டீக்கடையில் அவர்களுக்குத் தனி டம்ளர். இங்கே கேரம் அறையில் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்கள், தோளில் கை போட்டுக்கொண்டார்கள். கும்மிக்கு அவள் இல்லாவிட்டால் கால் எடுத்து வைக்கமாட்டார்கள். இந்தப் பெரிய ஊரில் தனக்கென்று அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மதியச் சாப்பாடு வீட்டுக்கு ஒரு பண்டம். கலையும்போது கல்யாணி அடுத்த மாதத்துக்கு வாசிப்பாள்: அலமு புளியோதரை, அமலா அவியல், ஜகதாம்பாள் மாமி தயிர்சாதம், அருக்காணி இலை. பதினோரு மாதமாக அருக்காணி இலை. அவளும் பெஹாலா பஜாரில் சால மரத்து இலையில் தைத்த தட்டுகளைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, கிழிசலைத் தள்ளி, ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்துக் கொண்டுவருவாள். இலை இல்லாமல் பந்தி ஏது என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட.

பெருமை குழாயடியில் போயிற்று. பக்கத்து வீட்டு வங்காளிப் பெண் மாலதி வாளியை நிரப்பிக்கொண்டே, உங்கள் கூட்டத்துக்கு நீ என்ன சமைத்துக்கொண்டு போவாய் என்று கேட்டாள். இலை என்றாள் அருக்காணி. "ஷுது பாத்தா?" என்றாள் மாலதி. வெறும் இலையா என்று அர்த்தம். அவள் ஒன்றும் குத்தலாகக் கேட்கவில்லை. ஆனால் அருக்காணிக்கு அந்த வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டின மாதிரி இருந்தது. கும்மிக்கு என் கை வேண்டும், குழம்புக்கு வேண்டாமா?

ஏழைக்கு எதற்குச் செலவு என்ற இரக்கமா, இல்லை இவள் கைச்சோறு எப்படி என்ற இளக்காரமா? எது என்று தெரிந்தாக வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிக்கொண்டு போவதாகச் சின்னசாமியிடம் சொன்னாள்.

"எதுக்குப் புள்ள வம்பு? நல்லவங்க அவங்க. நல்லவங்களாவே இருந்துட்டுப் போவட்டுமே" என்றான்.

"தெரிஞ்சுக்கோணுமுங்க. தெரியாம இன்னும் எத்தன மாசம் கும்மியடிக்கறது? வேண்டாமுன்னு தள்ளிட்டாங்கன்னா அப்பறம் அந்தப் பக்கமே போவமாட்டேன்."

அரிசிம்பருப்பு என்றால் பூண்டு தட்டிப் போட வேண்டும். அப்போதுதான் வாசம் தெருவைக் கூப்பிடும். அவள் போடவில்லை. வெங்காயமும் சேர்க்கவில்லை. கறி மீன் படாத புதுப் பாத்திரமாக ஒரு போசி வாங்கினாள். சாக்குச் சொல்ல எந்த ஓட்டையையும் விட்டுவைக்கவில்லை மகராசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவசர அவசரமாக ஆக்கி, போசியை இடுப்பிலும் இலைக்கட்டைக் கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு போனாள்.

"இது என்னடி?" என்றாள் கல்யாணி.

"அரிசிம்பருப்புங்கம்மா. இலையும் இருக்குதுங்க."

"உனக்கெதுக்கு இந்தச் சிரமம்? சரி, அங்க வை."

பாட்டு முடிந்தது. பந்தி போட்டார்கள். கைக்குக் கை மாறிப் புளியோதரை போயிற்று, அவியல் போயிற்று. ஒவ்வொரு கையும் போசி வரைக்கும் வந்து அதைச் சுற்றிக்கொண்டு போயிற்று. "எனக்கு வயிறே சரியில்லை" என்றாள் அலமு, மூன்றாவது வடையை எடுத்துக்கொண்டே. அமலா கல்யாணியைப் பார்த்தாள். கல்யாணி தண்ணீர்ச் செம்பைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து லோட் ஷெட்டிங். ஃபேன் நின்றுபோக, அறையில் மெல்லுகிற சத்தம்கூடக் கேட்டது.

அருக்காணி போசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேசாமல் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் எழுந்தாள். எழுந்தவளுக்கு வாய் நிற்கவில்லை.

"பூண்டு போடலீங்க. வெங்காயம் போடலீங்க. போசியும் புதுசுங்க. உங்களுக்கு ஒரு சாக்குக்கூட இருக்கக் கூடாதுன்னுதான் ஆக்கிக் கொண்டாந்தனுங்க. இன்னமும் வேண்டாமுன்னா, அது சோத்து மேல இல்லீங்க, எம் மேல."

அருக்காணி பந்தி இலைகளைக் கையால் காட்டினாள்.

"பதனோரு மாசமா நீங்க உண்ட இலையெல்லாம் எங்கையில தொடச்சதுதானுங்க. அது ஆரையாச்சும் ஒண்ணு பண்ணுச்சுங்களா?"

வாய்க்குப் போன கவளம் ஒன்றிரண்டு இலைக்கே திரும்பியது. கல்யாணிக்கு முகம் சிவந்துவிட்டது. "உனக்குச் செலவு வைக்க வேண்டாமேன்னுதான் அருக்காணி…" என்று ஆரம்பித்தவள் நடுவிலேயே நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது. "இல்லை, பொய். மாமி சாப்பிட மாட்டா, கூட்டம் உடைஞ்சு போயிடும்னு பயந்தேன். உனக்கு இலைன்னு எழுதினது நான்தான். என் புத்திதான்."

எல்லோரும் ஜகதாம்பாள் மாமியைப் பார்த்தார்கள். அறுபது தாண்டியவள், மடி, ஆசாரம், வாய் மூன்றும் கொஞ்சம் அதிகம். அவளுக்குக் கோபம் வந்தது.

"என் தலையில ஏண்டி போடறே? என்னை யாராவது ஒரு வார்த்தை கேட்டேளா?"

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேள் மாமி?" என்றாள் கல்யாணி.

மாமி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா அது முன்னே. அந்த முனிசிபாலிட்டி வாசல்ல வெயில்ல நான் சுருண்டு விழுந்தேனே, அப்போ இவ மடியிலதானே கிடந்தேன்? இவ கூஜாத் தண்ணிதானே என் வாயில விட்டா? நாக்கு வறண்டப்போ நான் ஒண்ணும் பார்க்கலை. இப்போ வயிறு நிறைஞ்சிருக்கச்சே பார்த்தா என்னைப் போல அல்பம் உண்டோ?"

இலையை முன்னால் தள்ளினாள். "போடு."

அருக்காணி கரண்டியை எடுத்தாள். ஒரு கரண்டி விழுந்தது. மாமி பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டாள். இன்னொரு வாய். அறையே அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பருப்பு வேகலை" என்றாள் மாமி.

"என்னுங்க மாமி?"

"காது கேக்கலையா? பருப்பு வேகலைங்கறேன். உப்பும் பத்தலை. இதைத் தூக்கிண்டுதான் இத்தனை ஆர்ப்பாட்டமா?"

அருக்காணி அப்படியே உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டாள். "ஏன் மாமி, பாவம் அவளைப் போய்…" என்று அமலா பதறினாள். கல்யாணி ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"உடுங்கம்மா, மாமிய ஒண்ணுஞ் சொல்லாதீங்க" என்றாள் அருக்காணி, விக்கலுக்கு நடுவே. அழுகையோடு சிரிப்பும் வந்தது. "மாமி சொல்றது நெசந்தானுங்க. பயத்துல வேகறதுக்குள்ள எறக்கிப்போட்டனுங்க. பதனோரு மாசமா இந்த ரூமுல எல்லாத்துச் சமையலையும் குத்தஞ் சொல்லுவீங்க. என்னய மட்டும் ஒரு சொல்லுச் சொன்னதில்லீங்களே. உண்டாத்தான குத்தஞ் சொல்ல முடியும்?"

கல்யாணி அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, தன் இலையைப் போசிக்கு அருகே இழுத்துவைத்தாள். அமலாவும் நகர்ந்து வந்தாள். அலமு மட்டும் கடைசிவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவளை யாரும் வற்புறுத்தவில்லை.

மாமி இலையை வழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அழுதது போறும்டி. எனக்கு இன்னொரு கரண்டி போடு."