அறுபத்தொன்று பதினாறு

தவசிமுத்துவின் வலது கை மணிக்கட்டு வரை உறைந்து இன்றோடு நானூற்று ஆறு நாள். சப்பட்டை மாம்பழத்தின் வரத்து குறைந்து விலை ஏறிய வாரத்தில் அது நடந்தது. ராஜபாளையத்தில் தன் அலுவலகத்துக்கு எதிர்க்கடையில் மாலை ஐந்து மணிக்கு டீ கிளாஸைப் பிடித்தார். டீ கட்டியாகி, கிளாஸ் விரிசல் விட்டது. கடைக்காரர் வேறு கிளாஸ் கொடுத்து, இதை இடது கையில் பிடிக்கச் சொன்னார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் குறையில்லை என்றார். அன்றிலிருந்து அந்தக் கை நகங்களின் மேல் வெண்பனி படிந்திருக்கிறது. சித்திரை வெயிலிலும் அது உருகவில்லை.

துறைமுகத்தில் இறங்கும் சரக்குகளுக்குச் சுங்கத் தாள் எழுதிக்கொடுக்கும் சிறிய அலுவலகம் அது. உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. வந்த சரக்குக்குரிய எண்ணைக் கண்டுபிடித்து எழுதுவது இருபத்திரண்டு வருடமாகத் தவசிமுத்துவின் வேலை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே நெய்த துணியா, பின்னிய துணியா என்று சொல்லிவிடுவார் என்ற பெயர் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை பரவியிருந்தது. அங்கே கடை வைத்திருந்த சௌந்தரபாண்டியன், பதினாறு வருடம் பட்டாளத்தில் இருந்தவர், இவரோடு படித்தவர். மம்சாபுரத்துப் பெண்கள் வேலை பார்க்கும் ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறைக்காக, வெளிநாட்டிலிருந்து நானூறு ஜோடிக் குளிர்காலக் கையுறை வரவழைத்தார். மாதிரிக்கு ஒரு ஜோடி தவசிமுத்துவுக்குப் பார்சலில் வந்தது. பின்னிய கையுறை என்றால் எண் அறுபத்தொன்று பதினாறு. நெய்த துணியை வெட்டித் தைத்தது என்றால் அறுபத்திரண்டு பதினாறு. தவசிமுத்து அறுபத்திரண்டு என்று எழுதினார். துறைமுகத்தில் பெட்டியைத் திறந்தவர்கள் ஒரு கையுறையை இழுத்துப் பார்த்தார்கள். பனியன் போல நீண்டது. தாளில் ஒன்று, பெட்டியில் ஒன்று. ஆய்வுக்கூடத்துக்கு ஒரு ஜோடி போனது, கடிதங்கள் போய் வந்தன. எழுபத்தொரு நாள் பெட்டிகள் அங்கேயே கிடந்தன.

அந்த எழுபத்தொரு நாளும் குளிர் அறை மைனஸ் இருபத்தைந்தில் ஓடியது. பெண்கள் மெல்லிய நூல் கையுறைகளோடு உள்ளே பெட்டி அடுக்கினார்கள். கையுறைகள் வந்து சேர்ந்த காலை, மாரிக்கனி என்பவள் ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு, மாட்டியாயிற்றா என்று குனிந்து பார்த்தாள். பத்து விரல் நுனிகளிலும் உணர்வு போயிருந்தது. இதைச் சௌந்தரபாண்டியன் போனில் சொன்ன அன்று மாலைதான் டீ உறைந்தது.

ஊர் காரணத்தை ரொம்பத் தேடவில்லை. மாதிரிக் கையுறைக்குள் கையை விட்டு நெடுநேரம் தடவிப் பார்த்ததில், அந்த நாட்டுப் பனி ஏறிவிட்டது என்று முடிவு செய்தது. “ஏலே, பதினாறு வருசத்துல பாதிய பனிமலையில கழிச்சவன் நான். எனக்கு ஏறல, செத்த நேரம் தடவிப் பாத்த உனக்கு ஏறிருச்சே!” என்று சௌந்தரபாண்டியன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, “அம்புட்டு அக்கறையா பாத்தும் கை தப்பிருச்சு. என்ன செய்ய?” என்றார். தவசிமுத்து மேசை இழுப்பறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கரண்ட் போன நாட்களில் பால்கடைக்காரர் ஆள் அனுப்பி, கேனைச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிறகு காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கி வந்தார்கள். நெற்றியில் கால் மணி நேரம் அந்தக் கை இருந்தால் சூடு இறங்கியது. மாரிக்கனியும் மகளைத் தூக்கிக்கொண்டு மூன்று முறை வந்தாள். மூன்றாவது முறை வந்தது முந்நூற்றுப் பன்னிரண்டாம் நாள்.

“எறங்கிருச்சா அண்ணாச்சி?”

அவர் இடது கையால் தொட்டுப் பார்த்து, இறங்கிவிட்டது என்றார். வீட்டில் தெர்மாமீட்டர் இல்லையா என்று கேட்டார்.

“இருக்கு. அது நம்பரத்தான காட்டுது. பிள்ள சூடு எனக்குத் தெரிய மாட்டேங்குதே.” மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “நான் ஒங்களக் கொற சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. எங்களுக்காகத் தொட்டுப் பாக்கப் போயிதான ஒங்க கையும் இப்பிடி ஆச்சு.”

தவசிமுத்து இழுப்பறையைத் திறந்து ஒரு பார்சலை எடுத்து மேசைமேல் வைத்தார். நாலு பக்கமும் ஒட்டிய டேப் ஒட்டியபடியே இருந்தது. மறுநாளிலிருந்து அந்த மேசைக் காலில் ஒரு கத்தரிக்கோல் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கை உருகவில்லை. பால்கடைக்காரர் இன்னும் ஆள் அனுப்புகிறார், பிள்ளைகளைத் தூக்கி வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள்; மாரிக்கனி மட்டும் பிறகு வரவில்லை. அன்று அவளைப் பார்க்காமல், பார்சலைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்:

“நான் இதத் தொடவேயில்லம்மா. பார்சல் வந்த அன்னைக்கிக் கத்திரி ஆம்புடல. போன்ல வந்த போட்டோவப் பாத்து எழுதிட்டேன்.”